சுவருக்குப் பின்னால் கேட்ட சடுகுடு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்காதவள் நாலு பக்கம் எழுத உட்கார்ந்தால் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கே வருகிறது. போன மாதம் ஒரு வாரப் பத்திரிகையில், பந்தயத்தில் விளையாடும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் எப்படித் துணையாக இருக்க வேண்டும் என்று யாரோ படித்தவர் எழுதியிருந்தார். சத்தான சாப்பாடு கொடுக்க வேண்டும், தோற்றால் திட்டக் கூடாது என்றெல்லாம் சொல்லிவிட்டு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளை ஆடுவதைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று முடித்திருந்தார். அந்த இடத்தில் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன். அவருக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. போய்ப் பார்க்க முடியாத தாயும் உண்டு என்பதை மட்டும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

அப்போது சித்தூரில் குடியிருந்தோம். என் கணவருக்கு சர்வே ஆபீஸில் வேலை. ஆந்திரா தனி ராஜ்ஜியமான பிறகு பல வருஷம் இழுத்துக்கொண்டிருந்த எல்லைத் தகராறு தீர்ந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று முடிவான வருஷம் அது. அவர் அளவுச் சங்கிலியும் எல்லைக் கல்லுமாக நகரி, புத்தூர்ப் பக்கம் போனால் மாதத்தில் முக்கால்வாசி நாள் வரமாட்டார். வீட்டில் நானும் ஒரே மகனும்தான். மகன் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு. வாய் பேசாததில் என்னையே உரித்து வைத்தவன். "சோறு போடும்மா", "போய்ட்டு வரேன்", "வந்துட்டேன்", இந்த மூன்றை வைத்துக்கொண்டு ஒரு நாளை ஓட்டிவிடுவான்.

அப்படிப்பட்டவன் சடுகுடுவில் பள்ளிக்கூடத்துக்கே முதல் ஆட்டக்காரன். சடுகுடு என்றால் எல்லோருக்கும் தெரியும். நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போகிறவன் "சடுகுடு, சடுகுடு" என்று ஒரே மூச்சில் பாடிக்கொண்டே போய், அங்கிருப்பவர்களைத் தொட்டுவிட்டு, அந்த மூச்சு அறுவதற்குள் கோட்டுக்குத் திரும்ப வேண்டும். நடுவில் மூச்சு விட்டால் ஆட்டம் போயிற்று. வீட்டில் குரலே எழும்பாத என் மகன் அங்கே போய்ப் பாடினால் கிரவுண்டு முழுக்கக் கேட்கும் என்றார்கள். நான் கேட்டதில்லை.

நான் கேட்காததை ஊரெல்லாம் கேட்டிருந்தது. பலமனேரிலிருந்து காய்கறி கொண்டுவந்து எங்கள் தெருவில் விற்கும் ஒருவர் இருந்தார். எதிர் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னிடம் சொல்வார்: "எம்மா, நேத்து சாயந்திரம் உம் புள்ள பாடுனான் பாரு, காதுல இன்னும் கேட்டுக்கினே கீது. இந்தா, இன்னும் ஒரு கை பீன்ஸ் பிடி."

பீன்ஸை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். நார் உரிக்காமலே நறுக்கிப் போட்டேன். காய்காரர் மேல் எனக்கு என்ன கோபம்? ஒன்றும் இல்லை. அவர் காதில் கேட்டுக்கொண்டிருந்தது என் பிள்ளையின் குரல், அவ்வளவுதான்.

போகாததற்குக் காரணம் இருந்தது. ஒரு தடவை போயிருந்தேன். அவன் சாப்பிடாமல் ஓடிவிட்டான் என்று தயிர்சாதத்தைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு கிரவுண்டு வாசல்வரை போனேன். நான் உள்ளே காலை வைத்ததும் ஒரு பெரிய சத்தம். அவன் பாட்டு என் காதில் விழுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. எதிர்ப்பக்கம் பாடிக்கொண்டிருந்தவன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்திருக்கிறான், மூச்சு அறுந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் கோபப்படாமல், மெதுவாகத்தான் சொன்னான்.

"நீ இனிமே வராதம்மா. நீ நிக்கிறன்னு தெரிஞ்சா எனுக்கு மூச்சு தாங்கல."

சரி என்றேன். அவனிடமிருந்து அத்தனை நீளமாக ஒரு பேச்சு வந்ததே அபூர்வம். அது வரவேண்டாம் என்பதற்காக வந்தது.

அந்த வருஷம் பள்ளிக்கூடங்களுக்கான பந்தயம் எங்கள் ஊரில் நடந்தது. வெளியூர்ப் பிள்ளைகளைத் தங்க வைக்க அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளூர் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவரும் வெளியூர்ப் பையன் ஒருவனைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டும். பந்தயம் முடியும்வரை சோறும் பாயும் அந்த வீட்டில். பகலில் எதிராளி, சாயந்திரம் விருந்தாளி. விஜயபுரத்துப் பக்கத்திலிருந்தும் ஒரு அணி வந்திருந்தது. அந்த ஊர்கள் மெட்ராஸோடு போகுமா ஆந்திராவோடு நிற்குமா என்று பேச்சாகவே இருந்து, கடைசியில் எங்கள் ஜில்லாவிலேயே நின்ற ஊர்கள்.

என் மகன் கூச்சத்தில் எல்லோரும் பிரித்துக்கொள்ளும்வரை ஒதுங்கி நின்றிருக்கிறான். கடைசியில் ஒரே ஒரு பையன் மிஞ்சியிருக்கிறான். நன்றாக ஆடுகிறவன்தான். கூடவே அவனுடைய அம்மாவும் வந்திருந்ததால் யாரும் கூப்பிடவில்லை. இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றான்.

"இவங்க அம்மா எல்லா ஆட்டத்துக்கும் வருவாங்களாம்மா" என்றான். அந்த 'எல்லா'வை அவன் சொன்ன விதம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

அந்த அம்மாளுக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். கூலிக்கு வேர்க்கடலை பறிக்கிற வேலை. ஒரு துணி மூட்டை, கத்திக் கத்திக் கம்மிப்போன தொண்டை, வாய் நிறையப் பேச்சு. வந்ததும் சுடுதண்ணீர் கேட்டாள். நின்றபடியே குடித்தாள்.

"உங்க வூட்டுக்காரரு சர்வேலயாக்கா? அப்ப எங்க வரப்புல கல்லு நட்டது அவருதானா! எங்கூரு எந்த ராஜ்ஜியம்னு எங்களுக்கே தெர்ல போ. ஒருத்தன் மெட்ராசுங்கறான், ஒருத்தன் ஆந்திராங்கறான். நான் சொன்னேன், எந்த ராஜ்ஜியமா இருந்தா இன்னாடா, கல்லக்கா மண்ணுக்குக் கீழதான் காய்க்கப் போவுது, நான் குனிஞ்சிதான் பறிக்கப் போறேன்."

என் மகன் சிரித்தான். பல் தெரியச் சிரித்தான். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டம்மா கிணற்றடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா, யாரு எவருன்னு கேட்டுக்கினுதான் உள்ள சேத்தியா?"

"எம் புள்ள கூட்டிக்கினு வந்தான்" என்று மட்டும் சொன்னேன்.

சாப்பிடக் கூப்பிட்டபோது பையன் உள்ளே வந்து என் மகன் பக்கத்தில் உட்கார்ந்தான். அந்த அம்மாள் பின்வாசல் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். உள்ளே வரச் சொன்னேன். "இருக்கட்டுங்கக்கா, இங்க காத்து நல்லா வருது" என்றாள். அது காற்றுக்காகச் சொன்னது இல்லை என்று எனக்கும் தெரியும். மறுபடி எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் கரண்டியோடு நின்றேன். என் மகன் தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய் அந்தப் படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் மகனும் எழுந்து போனான். மூன்று பேரும் அங்கே இருந்தார்கள். நான் குனிந்து குனிந்து பரிமாறினேன்.

பிள்ளை நல்லது செய்தான் என்று சந்தோஷப்பட வேண்டிய இடம் அது. எனக்கோ, பிறந்ததிலிருந்து அடுக்களையில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன் எழுந்து போனதுதான் நெஞ்சில் நின்றது.

"நல்லா துன்றா" என்று அவள் தன் மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "இவங்க சோத்தத் துன்னுட்டு இவன் காலத்தான் புடிக்கப் போற. நல்லா தெம்பா புடி."

"நான் குடுத்தாத்தானே அத்தே" என்றான் என் மகன்.

அத்தை! எங்கள் சொந்த அத்தைமார் வந்தால் கதவு மூலையில் நிற்பான்.

மறுநாள் ஆட்டத்தில் இரண்டு அணியும் தனித்தனியாக ஜெயித்தன. அதற்கு அடுத்த நாள் கடைசிப் பந்தயத்தில் இரண்டும் மோத வேண்டும். சாயந்திரம் வந்ததும் என் மகன் வழக்கம்போல "ஜெயிச்சோம்மா" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனான். அந்த அம்மாள் அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"யக்கா, நீ இன்னா பெத்து வெச்சிருக்க! வாயே இல்லாத புள்ளைன்னு பாத்தா, கோட்டத் தாண்டனதும் இன்னா பாட்டு, இன்னா பாட்டு! இப்டிக்கா போறான் பாரு..." என்று படி தாண்டி வந்ததையே மறந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, என் அடுக்களையில் நடுக்கோடு இருப்பதுபோலக் காலை அகல வைத்து, அந்தக் கம்மிப்போன தொண்டையால் அவன் மாதிரியே பாடிக் காட்டினாள். முதலில் தாழ, பிறகு ஏற, பிறகு ஒரே சீராக.

என் மகன் பாடுவதை நான் முதன்முதலில் கேட்டது அவள் வாயிலிருந்துதான்.

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வெட்கம்தான், ஆனாலும் பிடித்திருந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

"நீ ஏங்கா வர்ல?" என்றாள்.

"அவன் வேணாங்கறான். என்னப் பாத்தா மூச்சு அறுந்துடுதாம்."

"எவன், இவனா? டேய் நைனா, இங்க வா. பத்து மாசம் வயித்துல வெச்சி உனுக்கு மூச்சு குடுத்தவடா அவ. அவளப் பாத்து உனுக்கு மூச்சு போவுதா? நாளைக்கு உங்கம்மா வருவா. இன்னா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'வாம்மா' என்று ஒரு சொல் போதும். அவன் சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. துண்டைக் கொடியில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டான்.

அடுத்த நாள் மத்தியானம் மூன்று பேரும் கிளம்பினார்கள். பையன்கள் முன்னே போக, அந்த அம்மாள் தலையைத் துணியால் கட்டிக்கொண்டு, களை பறிக்கப் போவதுபோலக் கை வீசி நடந்தாள். தெருமுனையில் ஏதோ சொன்னாள். மூன்று பேரும் சிரித்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு வந்து பாத்திரம் துலக்கினேன். துலக்கியதையே இன்னொரு தரம் துலக்கினேன். நான் போய் அவன் தோற்றால் அது என்னால். போகாவிட்டாலோ, பள்ளிக்கூடத்தில் அவனுக்கு இதுதான் கடைசிப் பந்தயம், இனிக் கேட்க வழியில்லை. அந்தக் குரல் அவள் காதோடு விஜயபுரத்துக்குப் போய்விடும்.

மாவு மிஷின் பள்ளிக்கூடத்துப் பின் சுவருக்கு எதிரில் இருந்தது. ஊறவைத்து உலர்த்திய அரிசி ஒரு டின் வீட்டில் இருந்தது. அதை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். யாராவது கேட்டால் மிஷினுக்கு என்று சொல்லலாம். யாரும் கேட்கவில்லை.

சுவர் என் தலைக்கு மேல் இருந்தது. அதன் மேல் பையன்கள் முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு ஜட்கா வண்டிக்காரர் வண்டியைச் சுவரோரம் நிறுத்தி, அதன் மேல் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். குதிரை கொள்ளு தின்றுகொண்டிருந்தது. நான் குதிரைக்கும் சுவருக்கும் நடுவில் நின்றுகொண்டேன்.

"எம்மா, வண்டி மேல ஏறிக்கிறியா? நல்லாத் தெரியும்" என்றார்.

"வேணாம்பா. மிஷினுக்குப் போய்க்கினு இருக்கேன்."

"போறவ நிக்கிற?"

நான் டின்னை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டேன். அவரும் விட்டுவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு, கேட்காமலே, உள்ளே நடப்பதை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒருத்தன் போயிட்டான்... தொட்டுட்டான்... அந்த ஒல்லிப் பையன் வரான் பாரு இப்ப."

ஒல்லிப் பையன் என் மகன்.

குடத்தைக் குழாயடியில் வைத்தால், தண்ணீர் நிறைய நிறைய சத்தம் தாழ்விலிருந்து மேலே ஏறிக்கொண்டே வருமே, அந்தக் குரல் அப்படி ஏறியது. "சடுகுடு" என்பது முதலில் தனித்தனியாகக் கேட்டது. பிறகு சொல் கரைந்து வெறும் நாதமாக நீண்டது. சுவரில் கையை வைத்துக்கொண்டேன். வெயிலில் காய்ந்த சுவர் சுட்டது. இவனா, சோறு வேண்டும் என்பதைக்கூட முனகலாகச் சொல்கிறவன்?

அதற்கு மேலாக இன்னொரு குரல் வந்தது. "வுடாத நைனா! மூச்ச வுடாத! ஓடியா!" கம்மிப்போன தொண்டை. தன் மகனின் அணிக்கு எதிராக அவள் கத்திக்கொண்டிருந்தாள்.

கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்: "இன்னாம்மா, நீ எந்தக் கட்சி?"

"ரெண்டு கட்சியும் எந்தாண்டா! துன்ன வூட்டுக்குக் கத்தாம உனுக்கா கத்துவேன்?"

ஒரே சிரிப்பு. வண்டிக்காரரும் சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது. கோட்டோரம் என் மகனுக்காக ஒருத்தி கத்த வேண்டிய இடம் ஒன்று இருந்தது. அது காலியாகக் கிடந்தது. அவள் வந்து உட்கார்ந்துகொண்டாள். அவளை என்ன சொல்ல? நான் போயிருந்தாலும் எனக்குக் கத்த வராது என்பதுதான் இன்னும் எரிந்தது.

இரண்டு பக்கமும் சமமாகவே வந்தது. "கடைசிப் பாட்டு இது. ஒல்லிப் பையன்தான் போறான்" என்றார் வண்டிக்காரர்.

மறுபடியும் அந்தக் குரல் எழுந்தது. நானும் அவனோடு மூச்சைப் பிடித்தேன், வேண்டுமென்று செய்யவில்லை. "தொட்டுட்டான் ஒருத்தன... திரும்பறான்... ஐயோ, காலப் புடிச்சிட்டான்!" என் மூச்சு தீர்ந்துபோய் வாயைத் திறந்துவிட்டேன். அவன் குரல் மட்டும் இன்னும் போய்க்கொண்டிருந்தது, தரையோடு தேய்ந்தபடி, மெலிந்து. பிறகு ஒரு சிறு விக்கல் போல ஒன்று. அங்கே அறுந்தது. அதற்கப்புறம்தான் "கோடு! கோடு! கை பட்டுடுச்சு!" என்று கூச்சல் எழுந்தது.

உள்ளே பெரிய தகராறு. கை கோட்டைத் தொட்டதை எல்லோரும் பார்த்தார்கள். அதற்கு முன்பே மூச்சு அறுந்ததா இல்லையா என்பதுதான் வழக்கு. அறுந்துவிட்டது என்று அம்பயர் முடிவு சொன்னார். அந்த அம்மாளின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேல் கேட்டது: "அறுந்துபோவல ஐயா! நான் பாத்துக்கினுதானே இருந்தேன், அறுந்துபோவல!" தன் மகனின் அணி ஜெயித்ததை எதிர்த்து அவளே சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

நான் டின்னை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, அவர்கள் வருவதற்குள் வீட்டுக்கு நடந்தேன். மிஷினுக்குப் போகவில்லை.

சாயந்திரம் பின்வாசல் படியில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். விருந்தாளிப் பையன் ஜெயித்த கூச்சத்தில் தலை நிமிரவில்லை. அவன் பிடித்த இடத்தில் என் மகனின் கணுக்கால் வீங்கியிருந்தது. நான் விளக்கெண்ணெய் சூடு பண்ணிக் கொண்டுவந்தேன். அந்த அம்மாள் இன்னும் ஓயவில்லை.

"அநியாயம்கா. அந்த அம்பயரு கண்ணு அவிஞ்சவன். மூச்சு அறுந்துபோவவே இல்ல."

"இல்ல அத்தே, அறுந்துடுச்சு" என்றான் என் மகன்.

"உனுக்கு இன்னாடா தெரியும்? உருண்டுக்கினு கெடந்த நீ."

"அறுந்துதான் போச்சு" என்றேன் நான். "கை போறதுக்கு முன்னாடியே. விக்கல் மாதிரி வந்துதே, அங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எண்ணெய்க் கிண்ணம் கையைச் சுட்டது.

"எங்கம்மா இருந்த?" என்றான் என் மகன்.

"செவுத்துக்கு அந்தாண்ட. மிஷினுக்குப் போறப்போ."

அந்த அம்மாள் கையைத் தட்டிச் சிரித்தாள். "பாத்தியாடா! உங்கம்மா நின்னுக்கினுதான் இருந்துகீறா. மூச்சு போச்சா உனுக்கு?"

"போச்சே அத்தே, கடைசில" என்றான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். அவளைப் பார்த்து இல்லை.

அவள் விடவில்லை. "செரி, நான் தொண்ட கிழியக் கத்துனனே, அது எப்டி இருந்துது?"

"பாடும்போது ஒண்ணும் கேக்காது அத்தே."

"ஒண்ணுமா?"

"ஒண்ணும் கேக்காது. கூட்டம்கூட தெரியாது."

"எனுக்கும் அப்டித்தான்" என்றான் அவள் மகன், தலை குனிந்தபடியே.

அவள் மூட்டையை அவிழ்த்து, அவித்த வேர்க்கடலையை எடுத்து எங்கள் எல்லோருக்கும் நடுவில் கொட்டினாள். ஒன்றை உடைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"நீ ஒருத்தி வந்து நின்னா அவனுக்கு மூச்சே நின்னு போவுது. நான் ஊரு ஊரா பின்னால போய்க் கத்துறேன், எம் புள்ளைக்கு நான் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டாலும் ஒண்ணுதான். குடுத்து வெச்சவக்கா நீ."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்து கடலை உடைத்தேன். அவள் மகன் அவள் தோளில் சாய்ந்துகொண்டு தின்றான். அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் மகன் அப்படிச் சாய்கிற பிள்ளை இல்லை.

மறுநாள் காலை அவர்கள் புத்தூர் பஸ்ஸில் ஊருக்குப் போனார்கள். என் மகன் நொண்டிக்கொண்டே பஸ் ஸ்டாண்டு வரை போய் ஏற்றிவிட்டு வந்தான். நான் அரிசி டின்னை எடுத்துக்கொண்டு போய் மிஷினில் கொடுத்து மாவு அரைத்துக்கொண்டு வந்தேன்.